எறிதலும் வீசுதலும்
ஓவல் ஆட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

கால்பந்து, கூடைப்பந்து முதலிய ஆட்டங்களில் பந்து இரு கட்சிக்கும் பொதுவானது. அது யாரிடம் கிடைக்கிறதோ, அவர் அப்போது தாக்குபவர் ஆகிறார். கிரிக்கெட்டும், அமெரிக்கர்கள் விரும்பி ஆடும் பேஸ்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் பந்து எப்பொழுதும் ஆட்டக்காரரை வெளியேற்ற முயலும் கட்சியின் கையிலேயே இருக்கிறது. அக்கட்சியில் ஒருவர் பந்தை விடுகிறார். எதிர்க்கட்சியில் ஒருவர் மட்டையுடன் நின்று அதற்கு விடை சொல்கிறார். எந்தப் பந்து, எவ்வளவு விரைவு, எந்த இடம் என்று தீர்மானிப்பவர் பந்து விடுபவரே. ஆயினும் ஆட்டம் முடிந்தபின் ஊரார் பேசுவதெல்லாம் அடித்தவரைப் பற்றித்தான். நம் பள்ளித் திடல்களிலும் இதே கதை. மட்டையைப் பிடிக்க இருபது கைகள் நீளும். “நீ பந்தை எடுத்துக்கொள்” என்று சொன்னால் பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். தண்டனை கொடுத்துவிட்டதாகவே அவன் எண்ணிக்கொள்கிறான்.

இந்த எண்ணம் தவறானது என்பதைக் கணக்கைக் கொண்டே காட்டலாம். கிரிக்கெட்டில் ஐந்து நாள் நடைபெறும் டெஸ்ட் ஆட்டத்தில், எவ்வளவு ஓட்டங்கள் குவித்தாலும் அதனால் மட்டும் வெற்றி கிட்டாது. எதிர்க்கட்சியினர் தாமாக ஆட்டத்தை முடித்துக்கொண்டால் ஒழிய, அவர்களை இருமுறை முழுதும் வெளியேற்றியாக வேண்டும். அதாவது இருபது விக்கெட்டுகள் விழவேண்டும். ஓட்டங்கள் தோல்வியைத் தடுக்கும். வெற்றிக்கு வழியும் செய்யும். வெற்றியைக் கையில் கொண்டுவந்து தருபவர் பந்து வீச்சாளர்.

இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியே இதற்குச் சான்று. இந்தியக் குழு முதன்முதலாக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியது 1932-ஆம் ஆண்டு, இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில். (அந்தப் பதினொருவரில் ஒருவரான லால் சிங் நம் கோலாலம்பூரில் பிறந்தவர் என்பது இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாத செய்தி.) அதன் பின்னர் இருபது ஆண்டுகள் வெற்றியே இல்லை. 1951-52-இல் இங்கிலாந்துக் குழு இந்தியா வந்தபோது, டில்லியில் 6 விக்கெட் இழப்பிற்கு 418 ஓட்டங்களும், பம்பாயில் 9 விக்கெட் இழப்பிற்கு 485 ஓட்டங்களும் இந்தியா எடுத்தது. இரண்டும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. கடைசியாக 1952 பிப்ரவரியில் மதராஸ் சேப்பாக்கத்தில் வினூ மன்கட் என்னும் இடக்கை மெதுவீச்சாளர் முதல் இன்னிங்ஸில் 55 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து எட்டுப் பேரை வெளியேற்றினார். அவர்களுள் நால்வர் முன்னே வந்து ஆட முயன்று, பந்தைத் தவறவிட்டு, விக்கெட் காப்பாளர் சென்னால் ஸ்டம்பு செய்யப்பட்டவர்கள். ஆட்டக்காரரை ஆசை காட்டி வெளியே இழுப்பதுதான் மன்கட்டின் கலை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இரண்டாம் இன்னிங்ஸில் அவருக்கு மேலும் நான்கு விக்கெட்டுகள். ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் மிகுதியாக இந்தியா வென்றது. அது அந்நாட்டின் இருபத்தைந்தாவது டெஸ்ட்.

இக்கட்டுரை மன்கட்டைப் பற்றியதன்று. நமக்கு, அதாவது தோட்டத்து மக்களுக்கு, அவரைவிட நெருங்கிய உறவுடைய ஒருவரைப் பற்றியது. அவரிடம் போவதற்கு முன் பேஸ்பால் ஆட்டத்தைச் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில், அவர்மீது சுமத்தப்பட்ட பழி “இவர் வீசவில்லை, எறிகிறார்” என்பதே. பேஸ்பாலோ எறிதலையே அரசனாக்கி வைத்திருக்கும் ஆட்டம்.

அமெரிக்கரின் எறிகலை

பேஸ்பாலில் ஒரு கட்சிக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூவர் வெளியேறினால் அம்முறை முடிந்தது. ஆகவே ஒரு கட்சியை முழுதும் அடக்க 27 பேரை வெளியேற்ற வேண்டும். பந்தெறிபவர் சிறு மேட்டின்மீது நின்று, 18.44 மீட்டர் தொலைவிலுள்ள தட்டை நோக்கி எறிகிறார். பந்து தட்டுக்கு மேலாக, அடிப்பவரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் சென்று, அவர் அடிக்காமல் விட்டாலும் குற்றம். வீசியடித்துத் தவறவிட்டாலும் குற்றம். மூன்று குற்றமானால் அவர் வெளியேற வேண்டியதுதான். எறிபவர் அந்த எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை எறிந்துவிட்டால், அடிப்பவர் இலவசமாக முதல் தளத்துக்கு நடந்து போகலாம். பந்து இங்கே தரையில் பட்டு எழுவதில்லை. ஏமாற்று வேலை முழுவதும் காற்றிலேயே நடந்தாக வேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டர் விரைவில் வரும் பந்து, கையை விட்டுத் தட்டை அடையும் நேரம் ஏறக்குறைய 0.4 விநாடி. கண்ணிமைக்கும் நேரம் என்று நாம் சொல்லுவது இங்கே அளவெடுத்துச் சொன்ன உண்மையாகிறது.

எறிபவர் ஒருவரே ஆட்டத்தை முடித்துவைத்த கதைகளில் 1956 அக்டோபர் 8-ஆம் நாள் நியூயார்க்கில் நடந்தது தலையாயது. யாங்கீஸ் கட்சியும் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் கட்சியும் மோதிய அவ்வாண்டின் உலகத் தொடரில் அது ஐந்தாவது ஆட்டம். அதுவரை இரு கட்சியும் ஆளுக்கு இரண்டு வென்றிருந்தன. யாங்கீஸ் சார்பில் எறிந்தவர் டான் லார்சன். மூன்று நாளுக்கு முன்னர் இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸைக்கூட முடிக்கமுடியாமல் திடலை விட்டு வெளியேற்றப்பட்டவர் அவர். அன்றோ வந்த 27 பேரில் ஒருவரும் முதல் தளத்தைக்கூட மிதிக்கவில்லை. அவர் எறிந்த பந்துகள் மொத்தம் 97. எதிர்க்கட்சியின் சால் மாக்லியும் நன்றாகவே எறிந்தார்; ஐந்தே அடிகள்தாம் விட்டுக்கொடுத்தார். ஆனால் அவற்றுள் ஒன்று மிக்கி மாண்டில் வேலிக்கு அப்பால் அனுப்பியது. 2-0 என்று ஆட்டம் முடிந்தது. கடைசி ஆட்டக்காரர் டேல் மிட்செல் மூன்றாம் குற்றத்தில் நிற்க, பந்து பிடிப்பவரான யோகி பெர்ரா ஓடிவந்து லார்சனின் மேல் குழந்தைபோல் தாவி ஏறிக்கொண்ட படம் உலகெங்கும் பரவியது. உலகத் தொடரில் அத்தகைய நிறைவான ஆட்டத்தை வேறெவரும் எறிந்ததில்லை.

லார்சன் முழங்கையை மடக்கி, சாட்டையைச் சொடுக்குவதுபோல் நீட்டி எறிந்தார். அதனை யாரும் குற்றம் சொல்லவில்லை. பேஸ்பாலின் சட்டமே அதுதான். கிரிக்கெட்டில் அதுவே பெருங்குற்றம்.

தோட்டத்திலிருந்து ஓவலுக்கு

முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். அவர் வந்த வழி நமக்குப் புதியதன்று. கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர்கள் சிலர் தலைமன்னாரில் இறங்கினார்கள். சிலர் பினாங்கில் இறங்கினார்கள். ஒரே ஊரின் அண்ணன் தேயிலைக்கும் தம்பி பால்மரத்துக்கும் போன குடும்பங்கள் உண்டு. ஜாசின், அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் முதியவர்களிடம் கேட்டால், கண்டிச் சீமையில் இருந்த உறவினரைப் பற்றி இன்றும் ஒரு வார்த்தை சொல்லுவார்கள். பாட்டனார் பின்னர் தாயகம் திரும்பினார். மக்கள் இலங்கையிலேயே தங்கினர். தந்தை முத்தையா கண்டியருகே பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் அது எரிந்தது. அப்போது முரளிக்கு வயது ஐந்து.

கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் முதலில் வீசியது மிதவேகப் பந்து. பதினான்காம் வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொற்படி சுழற்பந்துக்கு மாறினார். ஒரு பிள்ளையின் கையைப் பார்த்து, “இது உனக்கு வராது, அது வரும்” என்று சொல்லும் கண் எல்லா ஆசிரியருக்கும் வாய்ப்பதில்லை. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பாடநூல் முறையைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணை அவரவர் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. 1992-இல் முரளி டெஸ்ட் ஆட்டத்தில் இடம் பெற்றார்.

இனி 1998 ஆகஸ்டு 27-க்கு வருவோம். இலண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்து அப்பொழுதெல்லாம் இலங்கையைத் தன் நாட்டுக்கு அழைத்தால் ஒரே ஒரு டெஸ்ட் ஆட்டத்தைத்தான் கொடுக்கும். 1984 முதல் அதுவே வழக்கம். அந்த ஒன்றிலும் இலங்கை வென்றதில்லை. அன்று காலை நாணயச் சுண்டலில் வென்ற இலங்கைத் தலைவர் அர்ஜுன ரணதுங்க, வறண்டு நல்ல வெயில் காய்ந்திருந்த களத்தில் எதிர்க்கட்சியை முதலில் ஆடச் சொன்னார். பார்த்தவர்கள் வியந்தார்கள். சுழற்பந்தை நம்பும் கட்சி முதலில் ஆடிவிட்டு, களம் தேய்ந்தபின் கடைசியில் வீசுவதே உலக வழக்கம். முரளி இரு இன்னிங்ஸிலும் நெடுநேரம் வீசவேண்டியிருக்கும், இடையில் அவருக்கு ஓய்வு வேண்டும் என்பதே காரணம் என்று பின்னர் விளங்கியது. ஒரு மனிதரின் தோளை எண்ணி ஓர் ஆட்டத்தின் திட்டமே வகுக்கப்பட்டது.

முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து தடுமாறிவிடவில்லை. கிரேம் ஹிக் 107, ஜான் கிராலி வெளியேறாமல் 156, மொத்தம் 445. இது பெரிய எண்ணிக்கை. முரளி 59.3 ஓவர்கள் வீசி 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுத்தார். ஒருவர் இவ்வளவு வீசியும் எதிரி 445 எடுத்துவிட்டானே என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் சனத் ஜயசூரியவின் பங்கு. அவர் 278 பந்துகளில் 213 எடுத்தார். அரவிந்த டி சில்வா 152. இலங்கை 591. வீச்சாளரின் பெருமையைச் சொல்ல வந்தவன் இதனை மறைத்தல் நேர்மையாகாது. ஜயசூரிய அவ்வளவு விரைவாக அடித்திராவிட்டால் இங்கிலாந்தை இரண்டாம் முறை வெளியேற்றப் போதிய நேரம் எஞ்சியிராது. ஐந்து நாள் ஆட்டத்தில் அடிப்பவர் வீச்சாளருக்குக் கொடுக்கும் உண்மையான பரிசு ஓட்டமன்று, நேரம்.

இங்கிலாந்து இப்போது 146 ஓட்டங்கள் பின்தங்கியிருந்தது. வெல்ல வேண்டியதில்லை, நின்றால் போதும். நிற்கத்தான் முயன்றார்கள். 129.2 ஓவர்கள் நின்றார்கள். மார்க் ராம்பிரகாஷ் கல்தூண்போல் நின்று எடுத்தது 42. வேறெவரும் அதனை எட்டவில்லை. முரளி 54.2 ஓவர்கள் வீசினார். அவற்றுள் 27 ஓவர்களில் ஓர் ஓட்டமும் இல்லை. 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகள். பத்தாவது விக்கெட் தலைவர் அலெக் ஸ்டூவர்ட்டுடையது. அவர் ஓடும்போது வெளியேற்றப்பட்டார். அந்த ஓர் ஓட்டத்தை அவர் முயலாமல் இருந்திருந்தால் முரளிக்குப் பத்தும் கிடைத்திருக்கலாம் என்று இரசிகர்கள் இன்றும் கணக்குப் போடுவார்கள், போடட்டும். இங்கிலாந்து 181-க்கு முடிந்தது. தேவையான 36-ஐ இலங்கை விக்கெட் இழப்பின்றி எடுத்தது. இங்கிலாந்து மண்ணில் அதன் முதல் டெஸ்ட் வெற்றி அது. ஆட்டம் முழுவதிலும் முரளி வீசியவை 113.5 ஓவர்கள். பந்தாக எண்ணினால் 683. எடுத்தவை 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகள்.

அந்தப் பந்துகள் செய்தது என்ன? சுழலும் பந்து காற்றைத் தன் ஒரு பக்கமாகத் திருப்பித் தள்ளுகிறது. காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. டென்னிஸ் பந்து வளைந்து போவதை நியூட்டன் 1672-இலேயே கவனித்து எழுதியிருக்கிறார். ஜெர்மானிய அறிஞர் மாக்னஸ் 1852-இல் அதனை ஆராய்ந்தார். அவர் பெயரே அவ்விளைவுக்கு நிலைத்துவிட்டது. முன்னோக்கிச் சுழலும் பந்து, அடிப்பவர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்னரே தாழ்ந்துவிடும். பக்கவாட்டில் சுழலும் பந்து காற்றிலேயே ஒதுங்கும். முரளியின் பந்து வலக்கை ஆட்டக்காரருக்கு வெளிப்பக்கமாக ஒதுங்கி, தரையில் பட்டதும் உட்பக்கமாகச் சீறித் திரும்பும். பேஸ்பாலில் லார்சனின் பந்துக்கு வளையும் வழி காற்று ஒன்றுதான். கிரிக்கெட்டில் காற்றும் தரையும் சேர்ந்து சதி செய்கின்றன. எங்கள் இளமையில் தோட்டத்தில் ஒட்டுப்பாலை நாடாபோல் உரித்துச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வோம். அது எங்கே பட்டு எங்கே போகும் என்று செய்தவனுக்கே தெரியாது. முரளியின் பந்து எதிரிக்கு அப்படித் தோன்றியது. அவருக்கு மட்டும் அது எங்கே போகும் என்று தெரிந்திருந்தது.

கம்பியும் நிழலும்

ஓவல் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இங்கிலாந்தின் பயிற்றுநர் டேவிட் லாயிட், முரளியின் வீச்சைப்பற்றித் தமக்குள்ள ஐயத்தை வெளிப்படையாகக் கோடிகாட்டினார். அதற்காகத் தம் நாட்டு வாரியத்தின் கண்டனத்தையும் பெற்றார். ஐயம் அன்று பிறந்ததன்று. 1995 டிசம்பர் 26-ஆம் நாள் மெல்பர்னில், பல்லாயிரக்கணக்கான மக்களின் முன்னிலையில், நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவர்களுக்குள் ஏழுமுறை அவர் பந்தை “எறிபந்து” என்று கூவித் தள்ளினார். மறுமுனையில் நின்ற நடுவர் ஒருமுறையும் கூறவில்லை. பத்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் ராஸ் எமர்சன் என்னும் நடுவரும் அதையே செய்தார். முரளி வேறு வகையான, முழங்கைக்கு வேலையே இல்லாத மணிக்கட்டுச் சுழற்பந்தை வீசிப் பார்த்தார். அதுவும் எறிபந்து என்றே சொல்லப்பட்டது.

சட்டம் என்ன சொல்லுகிறது? வீசும் கை தோளின் மட்டத்துக்கு வந்தது முதல் பந்து கையை விடும்வரை, மடங்கிய முழங்கையை நீட்டுதல் கூடாது. நன்றாகக் கவனிக்க வேண்டும்: கை மடங்கியிருத்தல் குற்றமன்று, மடங்கிய கையை நீட்டுவதே குற்றம். மாங்காய்க்குக் கல்லெறியும்போது நாம் செய்வது நீட்டுதல். தினைக்கொல்லையில் கவண் சுற்றுபவன் செய்வது அதுவன்று. அவன் கை சுழல்கிறது, முழங்கை சாட்டையடிப்பதில்லை. எறிதல், வீசுதல் என்று தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அன்றாடப் பேச்சில் இரண்டையும் கலந்துவிடுகிறோம். கிரிக்கெட் சட்டம் கலக்க விடுவதில்லை.

முரளியின் வலக்கை பிறவியிலேயே முழங்கையில் சற்று மடங்கியது. முழுதும் நீட்ட இயலாதது. அதனோடு தோள் மிக விரைவாகச் சுழல்கிறது. மணிக்கட்டோ எண்ணெய் போட்ட கீல்போல் எப்பக்கமும் திரும்புகிறது. 1996-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் பல திசையில் படக்கருவிகளை நிறுத்தி அவர் கையை அளந்து பார்த்தார்கள். எறிவதுபோல் தோன்றுவது கண்ணின் மயக்கமே என்று முடிவு சொன்னார்கள்.

கண்ணின் மயக்கம் என்றால் பலர் நம்புவதில்லை. இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். தடித்த கம்பி ஒன்றை முழங்கை மடங்கியதுபோல் வளைத்துக்கொள்க. சன்னலை மூடி, ஒரு டார்ச் விளக்கின் முன் அக்கம்பியைப் பிடித்து, சுவரில் விழும் நிழலைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்புக. ஒரு நிலையில் நிழல் நன்றாக மடங்கித் தெரியும். இன்னும் சிறிது திருப்பினால் நிழல் நேர்க்கோடாகிவிடும். கம்பி நீண்டதா? இல்லை; அது இரும்பு, வளைத்தபடியே இருக்கிறது. நிழலுக்கு ஆழம் தெரியாது. அதனால் திரும்புதலை நீட்டுதலாகக் காட்டுகிறது. தொலைக்காட்சித் திரையும் சுவர்தான். ஒரே இடத்தில் நின்று பார்க்கும் நடுவரின் கண்ணுக்கும் தொலைவில் ஆழம் சரியாகப் புலப்படாது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதனைக் காட்டியபோது, விளக்கம் சொல்லும் முன்னரே ஒரு மாணவி, “சார், கம்பி மடங்கல, திரும்புது” என்றாள். பெரிய மனிதர்கள் பல ஆண்டுகள் சண்டையிட்ட செய்தி அது.

சண்டை 1996-இல் முடியவில்லை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் கூவ, ரணதுங்க தம் குழுவினரை எல்லைக்கோட்டுக்கு அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்திவைத்தார். அன்று ரணதுங்க செய்ததை ஒழுங்குமுறை அறிந்தவர்கள் ஒப்பமாட்டார்கள். நடுவரின் சொல்லுக்குப் பணிதல் ஆட்டத்தின் அடிப்படை. ஆயினும், பெரும்பான்மை இனத்தைச் சேர்ந்த ஒரு தலைவர், தம் குழுவில் இருந்த தோட்ட வழித் தமிழர் ஒருவருக்காக அவ்வளவு தூரம் போனார் என்பதை, அந்நாட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த போரோடு சேர்த்து எண்ணும்போது, எனக்கு அவரைக் கடிந்துகொள்ள மனம் வருவதில்லை.

2004-இல் முரளியின் புதிய பந்தொன்று, எதிர்ப்பக்கம் திரும்புவது, மீண்டும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. இம்முறை அளந்தபோது முழங்கை சிறிது நீள்வது உண்மையே என்று தெரிந்தது. அதே வேளையில் மற்றவர்களையும் அளந்து பார்த்தார்கள். அங்கேதான் வியப்பு. மாசற்ற வீச்சு என்று போற்றப்பட்ட வேகப்பந்து வீச்சாளர்கள் பலரின் கையும் சில பாகை நீளத்தான் செய்தது. அவ்வளவு விரைவாகச் சுழலும் கை சிறிதும் நீளாமல் இருப்பது மனித உடலுக்கு ஏறக்குறைய இயலாத காரியம். நேரான கையுடையவரிடம் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மடங்கிய கையுடையவரிடம் தெரிந்துவிடுகிறது. அதுவரை சுழற்பந்துக்கு 5 பாகை, அதிவேகப் பந்துக்கு 10 பாகை என்று வேறு வேறு வரம்பு இருந்தது. 2005 மார்ச்சு முதல் எல்லாருக்கும் 15 பாகை என்று ஒரே வரம்பு வகுக்கப்பட்டது. முரளிக்காகவே சட்டத்தை வளைத்தார்கள் என்போர் இன்றும் உளர். முன்பிருந்த சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்திருந்தால் வீச எத்தனை பேர் மிஞ்சியிருப்பர் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் நாட்டிலும் பந்து வீச்சு தனித்து வென்ற ஆட்டம் ஒன்று அண்மையில் நடந்தது. 2023 ஜூலை 26-ஆம் நாள், பாயுமாஸ் ஓவல் மைதானத்தில், மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் நான்கு ஓவர்கள் வீசி, 8 ஓட்டங்கள் கொடுத்து, சீனக் குழுவின் ஏழு பேரை வெளியேற்றினார். ஏழு பேருக்கும் பந்து நேராக ஸ்டம்பைத் தகர்த்தது. சீனா 23 ஓட்டங்களுக்கு முடிந்தது. ஆடவர் அனைத்துலக இருபது ஓவர் ஆட்டத்தில் அதற்குமுன் எவரும் ஏழு விக்கெட் எடுத்ததில்லை. எதிர்க்குழு வலிமையற்றது என்று சொல்லிச் சிலர் இதனைக் குறைப்பர். ஸ்டம்புக்கு நேராக ஏழு பந்துகளை இடுவது எந்தக் குழுவுக்கு எதிராகவும் எளிதன்று. ஐயமிருப்பவர் தம் வீட்டு வாசலில் மூன்று குச்சிகளை நட்டு முயன்று பார்க்கலாம்.

அதற்கு வேண்டியவை அந்த மூன்று குச்சிகளும் ஒரு பந்தும்தான். மட்டை, காலுறை, கையுறை, தலைக்கவசம் என்று அடிப்பவருக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்தே பல சிறு பள்ளிகள் இந்த ஆட்டத்தின் பக்கம் போவதில்லை. முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் தோட்டப் பள்ளிக்கு அது பெருஞ்செலவுதான். ஆனால் வீசுபவனை உருவாக்க அவை ஒன்றும் வேண்டா. சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டியின் நடராஜன், டென்னிஸ் பந்தில் வீசிப் பழகியே 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் இந்தியாவுக்காக முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகள் எடுத்தார். சுவரில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, நாள்தோறும் ஐம்பது பந்து அவ்வட்டத்தில் படவேண்டும் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் சலிப்பான். இரண்டாம் வாரம் தானே எண்ணத் தொடங்குவான்.

முரளியும் அப்படி எண்ணியவர்தாம். ஓவலுக்குப் பின்னர் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் வீசினார். 2010 ஜூலையில், காலியில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டே தம் கடைசி ஆட்டம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அப்போது அவரிடம் 792 விக்கெட்டுகள் இருந்தன. எட்டு குறைவு. முதல் இன்னிங்ஸில் ஐந்து எடுத்தார். இரண்டாம் இன்னிங்ஸில் இரண்டு. இந்தியாவின் ஒன்பது விக்கெட்டுகள் விழுந்தபின் எஞ்சியது ஒன்றே. அதனை வேறொருவர் எடுத்துவிட்டால் எண்ணிக்கை 799-இல் நின்றுவிடும். கடைசி இணை விரைவில் பிரியவுமில்லை. ஜூலை 22-ஆம் நாள், பிரக்யான் ஓஜாவின் மட்டை விளிம்பில் பட்ட பந்து, ஸ்லிப்பில் நின்ற மஹேல ஜயவர்தனவின் கைக்குள் போயிற்று. டெஸ்ட் ஆட்டத்தில் முரளி வீசிய கடைசிப் பந்து அதுதான்.